ஒன்பது கோழிகளும் அம்மாவின் பாடும்

1

பள்ளிக்கூடத்தை குளிர்கால விடுமுறைக்கு மூடற வெள்ளிக்கிழமை, ஆசிரியர் அறைக் கதவுல ஒரு தாள் ஒட்டியிருந்தாங்க. எங்க பள்ளித் தோட்டத்துல ஒன்பது கோழி இருக்கு. பதினாறு நாள் லீவு. தினம் ஒருத்தர் வந்து காலையில கூண்டைத் திறக்கணும், தொட்டியில தண்ணி உறைஞ்சிருந்தா உடைக்கணும், தீனி போடணும், இருட்டறதுக்குள்ள திரும்ப வந்து எண்ணி அடைக்கணும். பதினாறு நாளுக்குப் பதினாறு பேர் எழுதியிருந்துச்சு. தலைமையாசிரியர் பேர் இருந்துச்சு. தரை துடைக்க வர்ற அம்மா பேர் இருந்துச்சு. என் பேர் இல்லை.

உண்மையைச் சொல்லிடறேன், அதைப் பார்த்தப்போ எனக்கு வருத்தமே வரலை. அப்பாடா, தப்பிச்சோம்னுதான் இருந்துச்சு. மைனஸ் நாலுல எவன் கோழிக்குத் தண்ணி வைக்கறது?

நான் நெதர்லாந்துல ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில மொழி உதவியாளரா இருக்கேன். ஆங்கில வகுப்புல நாலு நாலு பிள்ளைங்களா உட்காரவெச்சு வாயைத் திறக்க வைக்கறதுதான் வேலை. டீச்சர் இல்லை, மாணவியும் இல்லை. எனக்கு மேசை கிடையாது, மார்க் போடற உரிமை கிடையாது, கையெழுத்துக்கு மதிப்பு கிடையாது. முழங்கால் வாயில இடிக்கற மாதிரி ஒரு குட்டி நாற்காலி உண்டு. எங்க ஊர் பழவேற்காட்டுல பாதிப் பேர் நான் இங்க பெரிய புரொபசர்னு நினைச்சுகிட்டிருக்காங்க. இருக்கட்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், "டச்சு மொழி ஏதாவது தெரியுமா?"ன்னு கேட்டாங்க. தெரியுமேன்னு நெஞ்சை நிமிர்த்தி, "ஹியர் லைட் பெக்ராவன்"னேன். மேசையில காபி குடிச்சுகிட்டிருந்த ஏழு பேரும் கப்பை அப்படியே கீழ வெச்சுட்டாங்க. "இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்"னு அர்த்தம். எங்க ஊர் டச்சுக் கல்லறைக் கல்லு மேல உட்கார்ந்து, அம்மா மீன் வித்துட்டு வர்ற வரைக்கும், அந்த எழுத்தை விரலால தடவித் தடவிப் படிச்சது. காவக்காரர்தான் அர்த்தம் சொன்னாரு. வேற டச்சு எனக்கு எங்கேர்ந்து தெரியும்? நான் உதவி பண்ற டீச்சர் லீஸ்பெத், சிரிச்சு சிரிச்சு கண்ணைத் துடைச்சுகிட்டாங்க. அன்னைக்கு ஆரம்பிச்ச சிநேகம்.

அந்த வெள்ளிக்கிழமையும் லீஸ்பெத்தான் சொன்னாங்க: "உன் பேரை நான்தான் வேண்டாம்னேன். நீ ஊரை விட்டு வந்து தனியா இருக்கே. நல்லா தூங்கு, ஓய்வெடு." நல்ல மனசோடதான் சொன்னாங்க. நானும் ரொம்ப நன்றின்னுட்டு வந்துட்டேன்.

2

போன குளிர்கால லீவுக்கு ஊருக்குப் போனேன். இந்த வருஷம் முடியலை. என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்துச்சு. புது அட்டை வர்றதுக்கு முன்னாடி வெளியே போகலாமான்னு எழுதிக் கேட்டேன். தாராளமா போகலாம், திரும்பி வர்றது உங்கள் பொறுப்புன்னு பதில் வந்துச்சு. அழகா, முத்திரையெல்லாம் போட்டு.

அன்னைக்கு சாயந்திரம் அம்மா போன் பண்ணிச்சு. குரலே சரியில்லை.

"பாப்பா, ஜனவரி மொத ஞாயித்துக்கெழமை பாடு சீட்டு போடறாங்க. நம்ம பேர எழுதலியாம்."

பாடு இன்னான்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஏரியில வலை போட நல்ல இடமும் உண்டு, மட்டமான இடமும் உண்டு. யார் எந்த இடத்துல, எந்த நாள் போடறதுன்னு அடிதடி வரக்கூடாதுன்னு, எங்க குப்பத்துல எல்லா வூட்டுப் பேரையும் சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுவாங்க. எழுத்து தெரியாத ஒரு குழந்தை எடுக்கும். உனக்கு விழுந்த இடமும் முறையும்தான் உன் பாடு. மாத்திக் கேட்கக்கூடாது. அடுத்த சீட்டுல வேற இடம் வரும். பணக்காரன் ஏழைன்னு அதுல கிடையாது, ஏரிக்கு எல்லாரும் ஒண்ணுதான். அந்த ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பாடு எப்பவும் ஆம்பளை பேருல இருக்கும். எங்க வூட்டுல நைனா கோவிந்தன் பேருல இருந்துச்சு. நைனா போன வைகாசியில போயிட்டாரு. அண்ணன் தம்பி எனக்கு இல்லை. ஊர்ப் பஞ்சாயத்துல மூத்தவர் ஏகாம்பரம் பெரியப்பா. அவர் அம்மாகிட்ட சொன்னது இதுதான்: "ஆம்பள இல்லாத வூட்டுக்கு சீட்டு எழுதறது வழக்கமில்ல மல்லிகா. அதுவுமில்லாம உம் பொண்ணுதான் வெளிநாட்ல சம்பாரிக்குதே. உனக்கு எதுக்கு பாடு?"

நான் இன்னா சொல்லியிருக்கணும்? கோபப்பட்டிருக்கணும். நான் சொன்னதை எழுதவே கை கூசுது.

"விடும்மா. அவர் சொல்றதும் சரிதானே? மாசாமாசம் கொஞ்சம் சேர்த்து அனுப்பறேன். எதுக்கு உனக்கு இந்த வயசுல வலையும் எறாலும்? நிம்மதியா உட்காரு."

அம்மா சொல்லிச்சு, "நீயும் அதையே சொல்லு." போனை வெச்சிருச்சு.

மறுநாள் அடிச்சேன், எடுக்கலை. அதுக்கு மறுநாளும் எடுக்கலை. அம்மாவோட தம்பி மாரி மாமாவுக்கு அடிச்சா, "நல்லாத்தான் இருக்குது, உன்கூட பேசமாட்டேங்குது. நீ இன்னா சொன்ன?"ன்னாரு. நைனா இருந்த வரைக்கும் அவரும் மாமாவும் ஒண்ணாதான் வலைக்குப் போவாங்க. நைனாவுக்கு அப்புறம் எங்க வலையைப் போட்டு, அம்மாவோட பங்கைக் குடுத்துகிட்டிருந்தது மாமாதான். சீட்டுல பேர் இல்லைன்னா அதுவும் நின்னுடும்.

நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்னு எனக்கு அப்பவும் புரியலை. பாசமா சொன்னதுக்கு இப்படி ஒரு வீம்பான்னு கோபம்தான் வந்துச்சு.

3

லீவு ஆரம்பிச்சு முதல் நாலு நாள் தூங்கினேன். அப்புறம் தூக்கமும் அலுத்துப் போச்சு. மாடி அறையில ஒரு ஜன்னல். எதிர்ல கால்வாய். மூணு மணிக்கெல்லாம் வெளிச்சம் சாய ஆரம்பிச்சுடும். கடை மூடியிருக்கு, நூலகம் மூடியிருக்கு. ஊர் முழுக்க வூட்டுக்குள்ள விளக்கு எரியுது, வெளியே ஆள் இல்லை. எங்க குப்பத்துல ஒரு நாள்ல காதுல விழற சத்தம் இங்க ஒரு மாசத்துக்கு வரும்.

கிறிஸ்துமஸ் அன்னைக்கு லீஸ்பெத் அவங்க வூட்டுக்குக் கூப்பிட்டாங்க. நல்லா கவனிச்சாங்க. மீன் செஞ்சிருந்தாங்க, உப்பும் இல்லை காரமும் இல்லை, ஆனா எனக்காகத்தான் செஞ்சாங்கன்னு தெரிஞ்சுது. சாப்பிட்டதும் நான் தட்டைக் கழுவ எழுந்தேன். நாலு பேரும் ஒரே நேரத்துல "உட்காரு உட்காரு"ன்னாங்க. அவங்க பொண்ணு கழுவுது, மாப்பிள்ளை துடைக்கறாரு, லீஸ்பெத் அடுக்கறாங்க. நான் சோபாவுல, மடியில ஒரு போர்வை. காய்ச்சல் வந்தவளை உட்காரவெச்ச மாதிரி.

இவங்களுக்கு கிறிஸ்துமஸ் ரெண்டு நாள். ரெண்டாவது நாள், கால் மரத்துப் போகாம இருக்க நடந்துட்டு வருவோம்னு பள்ளிக்கூடத்துப் பக்கம் போனேன். தோட்டத்துல லீஸ்பெத். அன்னைக்கு அவங்க முறை. குனிஞ்சு சுத்தியலால தொட்டியைத் தட்டிகிட்டிருந்தாங்க. முகமெல்லாம் சிவந்து போயிருந்துச்சு.

"குடுங்க, நான் உடைக்கறேன்."

"ஐயோ வேண்டாம். உனக்கு எதுக்கு இந்தத் தொல்லை? நீ எங்க விருந்தாளி. போ, குளிருது."

கதவைக்கூடத் திறக்கலை. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நான். சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

ஒன்றரை வருஷமா இங்க வேலை பார்க்கறேன். இந்தக் கோழிங்களுக்குப் பேர் வெச்ச பிள்ளைங்களோடதான் தினம் உட்கார்றேன். நான் விருந்தாளியாம்! உழைக்க வந்தவளைப் பார்த்து நீ சும்மா இருன்னா, அது மரியாதையா? உனக்கு இங்க இடமில்லைங்கறதை எவ்வளவு அன்பாவும் சொல்லலாம்னு அப்பதான் தெரிஞ்சுது. வேலிக்கு அந்தப் பக்கம் அவங்க சுத்தியலைத் தூக்கறதைப் பார்த்துகிட்டே நிக்கறேன், காதுல என் குரலே கேட்குது. விடும்மா. நிம்மதியா உட்காரு.

அடப்பாவி, இதையேதானே நான் அம்மாவுக்குச் சொன்னேன்.

பணம் வேணும்னு அம்மா கேட்கவே இல்லை. ஊருன்னு ஒண்ணு கூடி வரிசையா பேர் கூப்பிடறப்போ, தன் வூட்டுப் பேரையும் கூப்பிடணும்னு கேட்டுச்சு. நான் போர்வையை எடுத்து அது மடியில போட்டேன்.

கால்வாய் ஓரத்துல நின்னுகிட்டே அம்மாவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். "அம்மா, நான் சொன்னது தப்பு. உன் பாடு உனக்கு வேணும். நான் பேசறேன்." மூக்கு ஒழுகுது, பல்லு தந்தி அடிக்குது. அம்மா கேட்டுச்சுன்னு போன்ல ரெண்டு நீலக்கோடு விழுந்துச்சு. பதில் வரலை.

4

முதல்ல என் கணக்கைத் தீர்த்துக்கணும்னு ஒரு வெறி வந்துச்சு. அந்தப் பதினாறு நாள்ல ஒரு நாள் எனக்கு வேணும். லீஸ்பெத்துக்கு போன் பண்ணினேன். அவங்க பெருமூச்சு விட்டாங்க. உதவியாளருக்குப் பள்ளிச் சாவி குடுக்கறதில்லையாம். அதுக்கு ஒரு படிவம் இருக்காம். அலுவலகச் செயலாளர் இங்க்ரிட் கையெழுத்துப் போடணுமாம். அலுவலகம் ஜனவரியிலதான் திறக்குமாம். "அதனாலதான் சொல்றேன், விட்டுடு"ன்னாங்க.

விடறதா? இங்க்ரிட் வூடு பேக்கரிக்குப் பின்னாடி தெருன்னு எனக்குத் தெரியும். எங்க ஊர்ல யார் வூட்டுக்கும் சொல்லிட்டுப் போற வழக்கமில்லை. வாசல்ல நின்னு "அக்கா"ன்னா வேலை முடிஞ்சுது. இங்க சொந்த மகனே மூணு வாரம் முன்னாடி கேட்டுட்டுதான் அம்மாவைப் பார்க்க வர்றான். அது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் மறுநாள் காலையில பத்து மணிக்குப் போய் மணியை அடிச்சேன்.

தலையில துண்டு கட்டிகிட்டு இங்க்ரிட் கதவைத் திறந்தாங்க. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துடுச்சு.

"யாராவது இறந்துட்டாங்களா?"

"இல்லை. எனக்குக் கோழிச் சாவி வேணும்."

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாங்க. லீவுல, வூட்டு வாசல்ல, தலைக்குத் துண்டோட நிக்கற ஒருத்தர்கிட்ட படிவம் கேட்கற ஆளை அவங்க வாழ்க்கையில பார்த்திருக்க மாட்டாங்க. ஏன் வேணும்னு கேட்டாங்க. "எல்லாரும் செய்யறாங்க, நானும் அங்கதான் வேலை செய்யறேன்"னேன். எனக்கு அவ்வளவுதான் டச்சு வந்துச்சு. அதுக்கு மேல வந்திருந்தா கெட்டுப் போயிருக்கும்னு நினைக்கறேன்.

உள்ளே கூப்பிட்டாங்க. காபி குடுத்தாங்க. கம்ப்யூட்டர்லேர்ந்து படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டாங்க. அப்புறம் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்துட்டு, "கடைசி ஞாயிறு என் முறை. வேணும்னா நீ என்கூட வா"ன்னாங்க.

"கூட இல்லை. முழுசா குடுங்க."

சிரிச்சுட்டாங்க. தன் பேரை அடிச்சு என் பேரை எழுதினாங்க. கோமதின்னு எழுத்துக்கூட்டி சொல்ல வேண்டியிருந்துச்சு. வெளியே வந்து தெருமுனை திரும்பினப்பதான் உறைச்சுது, அதே ஞாயித்துக்கிழமைதான் ஊர்ல சீட்டு. சீட்டு சாயந்திரம் நாலு மணிக்கு. இந்தியாவுல நாலு மணின்னா இங்க பகல் பதினொன்றரை. உறையற நாள்ல நடுப்பகல்லயும் ஒருவாட்டி தொட்டியைப் பார்க்கணும்னு படிவத்துலயே போட்டிருக்கு. கேட்டு வாங்கின முறையை நேரம் சரியில்லைன்னு திருப்பிக் குடுக்கறதா? நான் கோவிந்தன் பொண்ணு. நடக்கறது நடக்கட்டும்னு வந்துட்டேன்.

5

மாரி மாமாவைச் சம்மதிக்க வைக்க மூணு நாள் ஆச்சு. "பொம்பளப் புள்ள பஞ்சாயத்துல பேசறதா? அதுவும் போன்லயா? என்ன சும்மா வுடுவாங்களா?"ன்னு புலம்பினாரு. "மாமா, நீங்க போனைப் பிடிச்சிகினு நின்னா போதும், வாயே திறக்க வேணாம்"னேன். அது அவருக்குப் பிடிச்சிருந்துச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை காலையில எட்டரைக்கு என் சாவியால கூண்டைத் திறந்தேன். ஐஸை உடைச்சேன். தண்ணி தெறிச்சு கையுறை நனைஞ்சு, விரல் விரலா இல்லை. ஒன்பது கோழியும் வெளியே வந்து என்னை மேலயும் கீழயும் பார்த்துதுங்க. பதினொன்றரைக்குத் திரும்ப அங்கதான் நின்னேன். உள்ளே காத்து அடிக்காதுன்னு கூண்டுக்குள்ளயே நின்னுகிட்டேன்.

போன் அடிச்சுது. கங்கையம்மன் கோயில் முன்னாடி கூடியிருக்காங்க, போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டேன்னு மாமா கிசுகிசுத்தாரு.

"இன்னா கோமதி, நல்லாக்கிறியா?" ஏகாம்பரம் பெரியப்பா குரல். "குளுரு எப்பிடி அங்க?"

"நல்லாயிருக்கேன் பெரியப்பா. குளிரு கொல்லுது."

அந்த நேரம் பார்த்து ஒரு கோழி முட்டை வெச்சுது போல. கொக்கரிக்க ஆரம்பிச்சுது பாருங்க, நிறுத்தவே மாட்டேங்குது.

"இன்னாடா சத்தம் அது? கோயி கத்துது?"

"கோழிதான் பெரியப்பா. பள்ளிக்கூடத்துக் கோழி. இன்னைக்கு என் முறை."

கூட்டமே சிரிச்சுது. "அய்ய, பெரிய உத்தியோகம்னாங்க, கோயி மேய்க்குதா!"ன்னு யாரோ கத்தினாங்க. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. "ஆமா, அதையும் கெஞ்சிக் கேட்டுத்தான் வாங்கினேன்"னேன். வெளிநாட்டுல சம்பாரிக்குதேன்னு சொன்ன பேச்சு அங்கயே செத்துப் போச்சு.

சிரிப்பு அடங்கினதும் கேட்டேன்.

"பெரியப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். புரட்டாசியில முகத்துவாரம் மண்ணு மூடிச்சு. ஏரி கடல்ல சேரலைன்னா எறா உள்ள வராதுன்னு, வூட்டுக்கு ஒரு ஆள் வந்து வெட்டணும்னு தண்டோரா போட்டீங்க. எங்க வூட்லேர்ந்து யார் வந்தா?"

யாரும் சொல்றதுக்குள்ள நானே சொன்னேன்.

"எங்க அம்மா வந்துச்சு. நைனா போயி நாலு மாசம்தான் ஆயிருந்துச்சு. இடுப்பளவு தண்ணியில நின்னு மண்ணு அள்ளிச்சு. அப்போ 'ஆம்பள இல்லாத வூடு, நீ போ'ன்னு யாராவது சொன்னீங்களா? மண்ணு வெட்டறப்போ எங்களை ஒரு வூடுன்னு எண்ணுனீங்க. சீட்டு எழுதறப்போ ஏன் எண்ணலை?"

"அது வேற, இது வேற"ன்னு ஒரு பெரியவர் குரல். "இன்னிக்கு ஒரு பொம்பளைக்கு எழுதுனா நாளைக்கு எல்லாம் வருவாளுங்க."

"வரட்டும் தாத்தா. மண்ணு அள்ளினவங்க எல்லாரும் வரட்டும்."

"வலைய யாரு போடுவா? உங்க அம்மாவா?"

"மாரி மாமா போடுவாரு. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போறவங்க வலையை இப்ப யார் போடறாங்க? ஆள் வெச்சுத்தானே? வெளியே போன ஆம்பளைக்கு ஊர்ல பாடு இருக்கு. ஊர்லயே கிடக்கற எங்க அம்மாவுக்கு இல்லையா?"

அந்தப் பக்கம் சளசளன்னு ஒரே பேச்சு. ஒண்ணும் விளங்கலை. அவ்வளவுதான், கெடுத்துட்டோம், இனிமே ஊர்ல அம்மா தலைகாட்ட முடியாதுன்னு நினைச்சேன்.

அப்போ ஒரு குரல் மட்டும் தனியா வந்துச்சு. சேகர் அண்ணன், துறைமுகத்துல கிரேன் வேலைக்குப் போறவர். "நான் ஏரியில கால் வெச்சி நாலு வருசம் ஆவுதுபா. என் வலையையும் மாரிதான் போடறான். எனக்கு சீட்டு எழுதறீங்க. அந்தம்மாவுக்கு எழுதலன்னா எனக்கும் எழுதாதீங்க."

கோழியும் கொக்கரிக்கறதை நிறுத்திடுச்சு. ஏகாம்பரம் பெரியப்பா கனைச்சாரு.

"சர்தான் எழுதுப்பா. கோவிந்தன் பொண்டாட்டின்னு போட்டுக்கோ."

எங்கயோ தூரத்துலேர்ந்து, கோயில் மதிலுக்குப் பின்னாடி பொம்பளைங்க நிக்கற பக்கத்துலேர்ந்து, ஒரு குரல் கேட்டுச்சு. பதினாறு நாளா நான் கேட்காத குரல்.

"எம் பேர எழுதுங்க. மல்லிகா."

கூண்டுக் கம்பியைப் பிடிச்சுகிட்டேன். எங்க அம்மாவை ஊர்ல கோவிந்தன் பொண்டாட்டின்னு கூப்பிடுவாங்க, கோமதி அம்மான்னு கூப்பிடுவாங்க. ஊரைக் கூட்டி வெச்சுகிட்டு அது தன் பேரைத் தானே சொல்லி நான் கேட்டதில்லை.

மாமா போனை அணைக்கவே இல்லை. சீட்டு குலுக்கற சத்தம் கேட்டுச்சு. யார் வூட்டுக் குழந்தையோ எடுத்துச்சு. ஒவ்வொரு இடமா சொல்லி, ஒவ்வொரு பேரா சொல்லிகிட்டே வந்தாங்க. நல்ல இடமெல்லாம் போயிடுச்சு. நடு இடமெல்லாம் போயிடுச்சு. கடைசியில, சேறும் பாசியுமா வலையை இழுக்கவே முடியாத ஒரு மூலை இருக்கு, எறா அந்தப் பக்கம் வழி தவறினாத்தான் வரும். அந்த மூலையைச் சொல்லி "மல்லிகா"ன்னாங்க.

மாமா உச்சுக் கொட்டினாரு. யாரோ போனைப் பிடுங்கற சத்தம்.

"ஏண்டி, ஊரு ஞாயம் பேச உனக்குக் கோயிக்கூண்டுதான் கெடச்சுதா?"

"அம்மா…" அழுதுட்டேன். "இம்மாம் பேசி கடைசில அந்த சேத்து மூலையா விழணும்?"

"வுழட்டுமே. சீட்டுல பேரு இருந்தாதான்டி மட்டமான எடமாவது வுழும். அடுத்த வாட்டி வேற வரும்." மூச்சு வாங்கிச்சு. அதுவும் அழுதுகிட்டுதான் இருந்துச்சு, ஆனா காட்டிக்கலை. "இன்னிக்கு உன் மொறைன்னியே, தண்ணி வெச்சியா அதுங்களுக்கு?"

குனிஞ்சு பார்த்தேன். நான் பேசிகிட்டிருந்த நேரத்துல தொட்டி மேல திரும்ப ஆடை கட்டியிருந்துச்சு.

"திரும்ப உறைஞ்சிருச்சும்மா."

"அப்போ இன்னாத்துக்கு என்கூட பேசிகினு நிக்கற? போன வெச்சிட்டு உன் வேலைய பாரு."

வெச்சுட்டேன். சுத்தியலை எடுத்தேன்.